கடைசிப் புள்ளி

— துண்டு மேல கைய வெக்காத சாமி. சொல்லிட்டேன்.

— ஒரு வருசமா மூடிக் கெடக்குது கோயிந்து. உள்ள இருக்கறது ஒரு பழைய கேரம் போர்டு, அதுமேல நாம பரப்புன எழுத்துக் காயி. பொணமா இன்னா, மூடி வெக்கறதுக்கு?

— அந்தப் பேச்சு வேணாண்ணே. நாளைக்கு என் புள்ளைக்கு வருசத் தெவசம்.

— அய்யோ, மன்னிச்சுக்க தங்கச்சி. இந்த வாயி எப்பவும் இப்படித்தான். மாறன் இருந்தா "சாமிக்கண்ணு மாமா வாயில ஒரு புள்ளிய வையுங்கப்பா"ன்னு சொல்லியிருப்பான். அவன் தெவசத்துக்கு மொத நாளு, அதுவும் ஞாயித்துக்கெழம. நின்னு போன ஆட்டத்த இன்னைக்கு முடிச்சிடலாம்னுதான் வந்தேன்.

— முடிக்கறதுக்கு ஒண்ணுமில்ல. நாளைக்குக் காலையில கடக்கரைக்குப் போறப்ப இதையும் கோணியில கட்டி எடுத்துக்கினு போயி கடல்ல போட்டுடப் போறேன்.

— எது, போர்டையா?

— போர்டு, காயி, டப்பா, எல்லாம்.

— உனுக்குப் பைத்தியமாய்யா? அந்தக் காயி ஒவ்வொண்ணையும் நீதான ரம்பத்தால அறுத்த? மில்லு மூடி வேல இல்லாம ஒக்காந்திருந்த ஆறு மாசம் அந்தக் கட்டைய அறுத்துத்தான் நீ குடிக்காம இருந்த. கம்பிய வளச்சு கொம்பு, கால் எல்லாம் செஞ்ச. புள்ளிக்கு இன்னா பண்றதுன்னு நீயும் அண்ணனும் ரெண்டு நாளு மண்டைய ஒடச்சிக்கினீங்க.

— ஆமாமா. நான்தான சொன்னேன், யூனிபாரம் சட்ட எதுக்கு இனிமே, பட்டன அறுன்னு. இவன் சட்ட மூணு, என் சட்ட மூணு. சட்டைக்கு ஆறு. முப்பத்தாறு பட்டன். காக்கி நெறத்துல, நாலு ஓட்ட. ஒரு எழுத்து மேல பட்டன வெச்சா அது புள்ளி வெச்ச எழுத்து. வெளியூர்க்காரன் எவனுக்கும் புரியாது நம்ம ஆட்டம்.

— பழசெல்லாம் பேசத்தான் வந்தியா?

— பழசு பேசாம வேற இன்னா பேசறது, எங்கிட்ட புதுசா இன்னா இருக்குது? என் பொண்டாட்டி போயி ஏழு வருசம். ஞாயித்துக்கெழம மத்தியானம்னா ரெட்டியார்பாளையம், உன் வூடு, எழுத்து ஆட்டம், தங்கச்சி கையால மீன் கொழம்பு. இப்ப ஒரு வருசமா அந்த நேரத்துக்கு எங்க போறதுன்னு தெரியாம பஸ் ஸ்டாண்டுல போயி ஒக்கார்றேன். ஊருக்குப் போறவன மாதிரி ஒரு பையக்கூட மடியில வெச்சிக்கினு.

— நெசமாவாண்ணே?

— நெசமாத்தான். அங்க ஒக்காந்துக்கினு பஸ்ஸுல எழுதியிருக்கற ஊர்ப்பேர எல்லாம் பிரிச்சிப் பிரிச்சி வேற வார்த்த கட்றேன். மாறன்தான் கத்துக்குடுத்தான் அத. அவன் கட்னா எட்டு எழுத்து, ஒம்போது எழுத்துன்னு போவும். நான் எப்பவும் மூணுதான்.

— நீங்க 'சொல்தா'ன்னு வெச்ச அன்னிக்கி நடந்த கூத்து ஞாபகம் இருக்குதாண்ணே?

— மறக்கவா முடியும்? எங்கப்பன் பிரெஞ்சுக்காரன் பட்டாளத்துல சொல்தாவா, சிப்பாயா இருந்தவன் தங்கச்சி. சொல்தா பென்ஷன்லதான் நான் வளந்தேன். இவன் அது தமிழே இல்லன்னுட்டான். சரி, சட்டப்படி கேக்கலாம்னு கலியமூர்த்தி டீக்கடைக்குப் போனோம்.

— அஞ்சு பேரக் கேக்கணும். மூணு பேருக்குத் தெரிஞ்சா வார்த்த செல்லும்.

— அதான் நம்ம சட்டம். அஞ்சுல நாலு பேருக்குத் தெரிஞ்சிது! மாறன் என்னத் தோள்ல தூக்கிக்கினு தெரு பூரா "சொல்தா செல்லும், சொல்தா செல்லும்"னு கத்திக்கினே வந்தான். இந்தக் கோயிந்து மூஞ்சியப் பாக்கணுமே. தோத்தா சோறு எறங்காது இவனுக்கு.

— முடிஞ்சிதா? டீ குடிச்சிட்டுக் கெளம்பு சாமி.

— இரு. அந்த மூலையில பை ஒண்ணு கட்டி வெச்சிருக்குதே, யாரு ஊருக்குப் போறது?

— நான்தாண்ணே.

— நாளைக்குத் தெவசத்த வெச்சிக்கினு எங்க தங்கச்சி போற?

— தெவசம் முடிஞ்சதும் தவளக்குப்பம், எங்கண்ணன் வூட்டுக்கு. வந்தா வருவேன், இல்லன்னா இல்ல.

— கோயிந்து, இன்னாடா இது?

— அவள கேளு.

— நானே சொல்றேண்ணே. நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு. ஒரு வருசமா கேக்கறேன். "திருடன்"னு சொன்னல்ல, அந்த வார்த்தையத் திருப்பி எடுத்துக்க. நாளைக்கு அவன் படத்து முன்னாடி எல போட்டு சோறு வெக்கறப்ப, "மாறா, நீ எடுக்கலடா, நான் சொன்னது தப்பு"ன்னு ஒரு தரம் சொல்லு. சொன்னின்னா இந்த வூட்டுலயே கெடக்கறேன், உனுக்குக் கஞ்சி ஊத்திக்கினு. இல்லன்னா நான் போறேன்.

— சொல்ல மாட்டேன்.

— பாத்தீங்களாண்ணே?

— டேய், செத்துப்போன புள்ளடா.

— செத்துப்போனா? எடுத்தவன் எடுத்தவன்தான்.

— ஒரு பட்டன்யா! ஒரு பட்டனுக்கா!

— பட்டன் இல்ல வேம்பு. ஆட்டம் முடியற நேரம். டப்பா காலி. ஒரே ஒரு புள்ளி எங்கையில இருந்தா நான் ஜெயிச்சேன். போர்டு மேல எண்ணிப் பாத்தா முப்பத்தஞ்சி. முப்பத்தாறாவது எங்க போவும்? காத்துலயா போவும்? என்ன ஜெயிக்க வுடக்கூடாதுன்னு அவன் ஒளிச்சி வெச்சான். ஏழு வயசுல ஒரு தரம் வாயில அடக்கி வெச்சவன்தான அவன்?

— ஏழு வயசுல வெளையாட்டுக்கு அடக்கி வெச்சான். நீயே தாடைய அமுக்கி எடுத்து, சிரிச்சி, அவனுக்கு முத்தம் குடுத்த. இருபத்தி மூணு வயசுலயும் அதே புள்ளயா? கம்பெனிக்குப் போயி மாசம் பொறந்தா சம்பளத்தக் கொண்ணாந்து சாமி படத்தண்ட வெச்சவன்.

— கோயிந்து, நான் இத்தன நாளு வாயத் தொறக்கல. இன்னிக்குச் சொல்றேன். மில்லுல ரெண்டு நூல் கண்டு காணோம்னு கேட்டுல உன்ன நிக்க வெச்சானுங்க. டவுசரோட நிக்க வெச்சி, போற வர்ற பொம்பளைங்க எல்லாம் பாக்க. நீ எடுக்கல. எனுக்குத் தெரியும், ஏன்னா எடுத்தவன் யாருன்னு எனுக்குத் தெரியும். அன்னிக்கு வூட்டுக்கு வந்து மூணு நாளு நீ வாயில தண்ணி ஊத்தல. அப்படிப்பட்ட ஆளு நீ, பெத்த புள்ளய இதே எடத்துல நிக்க வெச்சி "பையத் திருப்பிக் காட்டுடா"ன்னு சொன்ன. நான் பக்கத்துல ஒக்காந்திருந்தேன்டா. எனுக்கே ஒடம்பு கூசிப்போச்சு.

— திருப்பிக் காட்டனான்ல? அப்பறம் ஏன் ஓடனான்?

— ஓடலய்யா. நீ "வெளிய போடா திருட்டு நாயே"ன்னு சொன்ன. அவன் போனான். அவ்ளோதான். சாயங்காலம் தவளக்குப்பத்துல கூட வேல பாக்கற பையனுக்கு நிச்சயதார்த்தம். ஆட்டம் முடிஞ்சதும் போவணும்னு காலையிலயே நல்ல சட்ட போட்டுக்கினு ஒக்காந்திருந்தான். ரெண்டு மணி நேரம் முன்னாடியே கெளம்பிட்டான். ஹெல்மெட்ட எடுக்கல. இதோ, அந்த ஜன்னல்ல இன்னும் அங்கியேதான் கெடக்குது. அரியாங்குப்பம் பாலத்தத் தாண்டல புள்ள. தண்ணி லாரிக்காரன் பின்னாடி வந்து...

— போதும் வேம்பு.

— உனுக்குப் போதும். எனுக்கு எப்பப் போதும்? அண்ணே, நான் ஒண்ணு பண்ணேன், சொல்றேன் கேளுங்க. போன மாசம் கலியமூர்த்தி கடைக்குப் போனேன். பொம்பள டீக்கடையில போயி நிக்கறாளேன்னு எல்லாரும் பாத்தாங்க. அஞ்சு பேரக் கேட்டேன். உங்க எல்லாருக்கும் என் புள்ள தமிழ்மாறனத் தெரியும், அவன் திருடனான்னு கேட்டேன்.

— தங்கச்சி!

— அஞ்சு பேரும் இல்லன்னாங்க. ஒருத்தன் அழுதான். நம்ம வூட்டுச் சட்டப்படி அந்த வார்த்த செல்லாது. வந்து இந்தாளுகிட்ட சொன்னேன். இன்னா சொன்னான் தெரியுமா? "அது ஆட்டத்துக்குத்தான்"ன்னான்.

— ஆட்டத்துக்குத்தான அந்தச் சட்டம்.

— நீ மனுசனாய்யா? அவன் அன்னிக்குப் போட்டிருந்த சட்டையக்கூட நீ எங்கண்ணுல காட்டல. நாளைக்குப் படையல்ல வெக்கணும்னு கேட்டேன். ஆஸ்பத்திரியிலயே வீசிட்டேன்னு சொன்ன.

— ரத்தம். ஊறிப்போயிருந்துச்சு. அத எடுத்தாந்து உங்கிட்ட குடுக்கச் சொல்றியா?

— சரி சரி, ரெண்டு பேரும் செத்த நேரம் வாய மூடுங்க. நான் ஒரு காரியமா வந்தேன், அத முடிச்சிட்டுப் போயிடறேன். இந்தா பாரு கோயிந்து. பெரிய மார்க்கெட்டுல பட்டன் கடையில தேடித்தேடி வாங்கியாந்தேன். காக்கி நெறம். நாலு ஓட்ட. நம்ம மில்லு பட்டன் மாதிரியே இருக்குதா?

— எதுக்கு?

— முப்பத்தாறாவது. இத வெச்சி உன் வார்த்தைய முடி. நீ ஜெயிச்சேன்னே வெச்சிக்க. மாறன் தோத்தான்னு வெச்சிக்க, அவன் ஒண்ணும் கோவிச்சிக்க மாட்டான். அப்பறம் எல்லாத்தையும் வாரி உள்ள போடு. எழுந்து போனவன் காயக் கவுத்து வெக்கணும், வர்ற வரைக்கும் தொடக்கூடாது, அதுவும் நம்ம சட்டம்தான். ஆனா அவன் வரப்போறதில்லடா. எத்தினி நாளைக்குக் கவுந்தே கெடக்கும்?

— வேணாம் சாமி. பட்டன எடுத்துக்கினு போ. போர்டத் தொடாத, டப்பாவத் தொடாத.

— ஏண்டா குறுக்க கைய நீட்டற?

— வேணாம்னு சொல்றேன்ல?

— அண்ணே, அந்தப் பட்டன எங்கிட்ட குடுங்க. இப்படிக் குடுங்க. ஆமா, இதே மாதிரிதான். இதே மாதிரிதான் இருந்துச்சு அன்னிக்குக் காலையிலயும்.

— எது தங்கச்சி?

— வேம்பு, நீ உள்ள போ. ஒலைய வையி.

— போவ மாட்டேன். ஒரு வருசமா தொண்டையில நிக்குது. அண்ணன் முன்னாடியே சொல்லிடறேன், நடக்கறது நடக்கட்டும். அன்னிக்குக் காலையில மாறன் சட்டையக் கொண்ணாந்து நீட்டுனான். "அம்மா, நடுப்பட்டன் இல்லம்மா, வயிறு தெரியுது, நிச்சயதார்த்தத்துல சிரிப்பானுங்க"ன்னான். வூட்டுல ஒரு பட்டன் இல்ல. ஞாயித்துக்கெழம, தையக்கட மூடியிருக்கும். இந்த டப்பாவத் தொறந்தேன். ஒண்ணு எடுத்தேன். தச்சிக் குடுத்துட்டேன்.

— அய்யோ.

— ஒரு பட்டன்தான, நாளைக்கு வேற ஒண்ணு வாங்கி டப்பாவுல போட்டுடலாம்னு நெனச்சேன். அப்பறம் மீன் கழுவப் போயிட்டேன், மறந்தே போயிட்டேன். அவனுக்கும் தெரியாது அது எந்தப் பட்டன்னு. நீங்க மூணு பேரும் எண்றீங்க, தேடறீங்க, பாயத் தூக்கி ஒதறுறீங்க. அது அவன் சட்டையிலியே இருந்துச்சுண்ணே. இந்தாளு பையத் திருப்பச் சொல்றான், அவன் திருப்பறான், பட்டன் அங்கியே, எல்லார் கண்ணுக்கும் முன்னாடியே.

— நீ ஏன் சொல்லல? அப்பவே ஏன் சொல்லல?

— நான் பின்னாடி கொல்லையில அம்மி அலசிக்கினு இருந்தேன். சத்தம் கேட்டு வர்றப்ப அவன் வாசல்ல வண்டிய ஒதைக்கிறான். அந்த ஒதையில டக்குனு ஞாபகம் வந்துச்சு. தெரு வரைக்கும் ஓடுனேன். அதுக்குள்ள முக்கு திரும்பிட்டான். போன் பண்ணியிருக்கலாம். பண்ணல. சரி, ராத்திரி வரட்டும், சோறு போடறப்ப சொல்லலாம், அப்பனும் புள்ளையும் தலையில அடிச்சிக்கினு சிரிப்பாங்கன்னு நெனச்சேன். சிரிப்பாங்கன்னுதாண்ணே நெனச்சேன்!

— அழாத தங்கச்சி. அழாத. டேய் கோயிந்து, காதுல விழுந்துச்சா? உன் புள்ள எடுக்கல. பெத்தவ சொல்றா. இப்பவாவது எடுத்துக்க அந்த வார்த்தைய.

— அவளுக்குப் புத்தி கலங்கிப்போச்சு.

— இன்னாது?

— நீ தைக்கல வேம்பு. அது வேற நாளு. வேற சட்ட. அவன் வேலைக்குப் போட்டுக்கினு போவானே, கோடு போட்டது, அதுல தச்ச. புள்ள போன துக்கத்துல எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பிக்கற.

— எனுக்குத் தெரியாதா? ஊதா சட்டைய்யா. மடியில போட்டுக்கினு ஒக்காந்து தச்சேன்.

— தைக்கலன்னு சொல்றேன்ல? அவன்தான் எடுத்தான். திருடுனான். நான் பாத்தேன்.

— பொய் சொல்றான்ண்ணே. இத்தன நாளு பாத்தேன்னு சொன்னதே இல்ல. இப்ப சொல்றான்.

— பாத்தேன். எங்கண்ணால பாத்தேன். போதுமா? இதோட வுடுங்க. சாமி, உங்கால்ல வேணா விழறேன், எழுந்து போ.

— நான் போறேன். உன் மூஞ்சியில முழிக்கறதே இன்னியோட சரி. ஆனா இந்தப் பட்டன டப்பாவுல போட்டுட்டுப் போறேன். அந்தப் புள்ள பேருல கணக்கு முப்பத்தாறுன்னு இருக்கட்டும். குடு தங்கச்சி.

— சாமி, டப்பாவத் தொறக்காத. டேய்!

— கைய வுடுடா.

— தொறக்காதடா...

— இன்னா இது?

— இன்னாண்ணே?

— உள்ள ஒண்ணு கெடக்குது.

— ஒண்ணா? அன்னிக்கு டப்பா காலியாத்தான இருந்துச்சு?

— காலிதான். நான்தான் கவுத்துத் தட்டிக் காட்டுனேன் எல்லாருக்கும். இது நம்ம மில்லு பட்டன் தங்கச்சி. ஓரத்துல தேஞ்சிருக்குது பாரு. ஓட்டையில நூலு கூட இருக்குது. ஊதா நூலு. பெருக்கல் குறி மாதிரி மாத்தி மாத்தித் தச்சி...

— குடுங்க இப்படி.

— பாத்து. நூலுல இன்னாவோ காஞ்சி கருப்பா ஒட்டியிருக்குது.

— இது என் தையலு. நான் தச்சது. கடைசியில ரெண்டு முடிச்சு போட்டு பல்லால கடிப்பேன், இதோ இருக்குது அந்த வாலு. யோவ், நீ சட்டைய வீசிட்டேன்னு சொன்னியே?

— சட்டையத்தான் வீசனேன்.

— இத?

— பிளேடு கேட்டேன் அங்க இருந்த ஆயாம்மாகிட்ட. அறுத்துக்கினேன். மூணு நாளு சட்டப் பையில வெச்சிருந்தேன். அப்பறம் அதோட எடத்துல போட்டுட்டேன். வேற எங்க போடறது?

— அப்ப உனுக்கு அன்னிக்கே தெரியும்.

— துணி மூட்டையப் பிரிச்சப்பவே தெரியும். முப்பது வருசமா என் சட்டையில பாக்கறேன் வேம்பு. அது யாரு தையலுன்னு எனுக்குத் தெரியாதா?

— கோயிந்து... தெரிஞ்சிமாடா? சுடுகாட்டுல நின்னுக்கினு எங்கிட்டயே சொன்னியேடா, திருட்டுப் பயன்னு.

— சொன்னேன்.

— என் புள்ள எடுக்கலன்னு தெரிஞ்சிக்கினே, ஒரு வருசம், தெனம் சோத்துல ஒக்காரப்ப எல்லாம் அவனத் திருடன் திருடன்னு சொன்னியே, ஏன்யா? உனுக்கு எப்படிய்யா வாய் வந்துச்சு? நான் பைய கட்டி வெச்சப்பகூட சொல்லலியே. ஏன்யா?

— அவன் திருடலன்னு நான் ஒரு வார்த்த சொல்லிட்டா, அப்ப அந்தப் பட்டன் எங்கதான் போச்சுன்னு நீ யோசிக்க ஆரம்பிச்சுடுவியே வேம்பு.